பதிமூன்று நாளைக்கென்று வாங்கிய பிள்ளை

மஸ்கட்டில் எங்கள் கிருஷ்ணன் கோவில் எப்படி வந்தது என்று யாரைக் கேட்டாலும் என் வீட்டுக்காரர் தரம்சி சேட் பெயரைத்தான் சொல்வார்கள். வாசல் கல்லிலும் அவர் பெயர்தான் இருக்கிறது. நிலம் கேட்டு அரண்மனைக்கு எட்டுத் தடவை நடந்தவர் அவர். எங்கள் சொந்தச் சீமையான கட்சின் மாண்டவித் துறைமுகத்திலிருந்து தேக்குக் கதவைப் படகில் வரவழைத்தவரும் அவர். இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் கதவும் சுவரும் இருந்தால் மட்டும் கோவிலாகிவிடாது, உள்ளே ஒருவன் இருக்க வேண்டும். அவனை உள்ளே கொண்டுபோனவள் நான். எப்படிக் கொண்டுபோனேன் என்பதை இதுவரை ஒருத்தியிடம்தான் சொல்லியிருக்கிறேன். அவளும் போய்விட்டாள்.

அவள் பெயர் மோங்கி. நாங்கள் எல்லோரும் பாபி என்போம், அண்ணி என்று அர்த்தம். பத்தொன்பது வயதில் புருஷன் காய்ச்சலில் போனான். பிள்ளை கிடையாது. மாமியார் விட்டுப்போன லாலா மட்டும் இருந்தான். லாலா என்றால் தவழும் கண்ணன், சுண்டுவிரல் உயர வெண்கலம். கட்சில் இருக்கும் எங்கள் குருவின் தாத்தா தன் கையால் தொட்டுக் கொடுத்தது. எங்கள் வழியில் அவனுக்குப் பூஜை என்று சொல்ல மாட்டோம். வளர்ப்போம். காலையில் எழுப்பிக் குளிப்பாட்டி, ஊட்டி, பொம்மை காட்டி, மத்தியானம் தூங்கவைத்து, ராத்திரி தலைமாட்டில் தண்ணீர்ச் செம்பு வைப்போம். கோடையில் வெள்ளை மல் துணி, குளிரில் பஞ்சு வைத்த சட்டை. மோங்கி பாபி அப்பளம் இட்டு விற்று அவனை இருபத்தாறு வருஷம் வளர்த்தாள். மஸ்கட்டில் வளர்ந்த பிள்ளையல்லவா, கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் இல்லாமல் கிச்சடி இறங்காது என்பாள்.

அப்போது மஸ்கட்டில் எங்கள் ஆட்கள் இருநூறு பேர் இருந்தோம். பாதிப் பேர் பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆண்கள். எல்லோருக்கும் அவனைப் பார்க்க இருந்தது பாபியின் மாடியறை ஒன்றுதான். பத்தடிக்கு எட்டடி. ஏழெட்டுப் பேர் உள்ளே போனால் மற்றவர்கள் படிக்கட்டில் நிற்க வேண்டும், அதற்கும் மேற்பட்டவர்கள் சந்தில் நிற்க வேண்டும். நான் வழக்கமாக நின்றது ஐந்தாம் படியில். அங்கிருந்து பார்த்தால் யாராவது ஒரு சேட்டின் முதுகும் வியர்வையும்தான் தெரியும். எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து இரண்டும் மாதம் தாண்டவில்லை. அந்த முகத்தை நின்று நிதானமாக ஒரு தரம் பார்த்து அழ வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. ஐந்தாம் படியில் நின்று அழுதால் கூட்டம் தள்ளிக்கொண்டு போகும்.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷம் கோவில் கட்டி முடிந்தது. துறைமுகத்துக்குப் பின்னால் பாறைச் சரிவில் ஒரு வெள்ளைக் கட்டடம். கோபுரம் இல்லை. எங்களுக்கு அது அவன் வீடு, வீட்டுக்கு யார் கோபுரம் வைப்பார்கள்? அவனைக் கவனித்துக்கொள்ளக் கட்சிலிருந்து ஒருவர் கப்பலில் வந்து இறங்கினார். முகியாஜி என்று கூப்பிடுவோம். வந்தவர் கையில் விக்கிரகம் இல்லை, குருவின் கடிதம் மட்டும் இருந்தது. ‘என் தாத்தா கொடுத்த லாலா அங்கேயே இருக்கும்போது இன்னொருவன் எதற்கு?’ என்று எழுதியிருந்தார்.

என் வீட்டுக்காரர் ஐந்தாறு பேரைக் கூட்டிக்கொண்டு பாபியிடம் போனார். நானும் போனேன்.

“பாபி, ஊருக்கே பிள்ளையா இருக்கட்டுமே. ஊரான் பிள்ளையை ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானே வளரும்னு சொல்லுவாங்க” என்றார் அவர்.

“எனக்குத் தன் பிள்ளைன்னு வேற எது இருக்கு சேட், தானா வளர?” என்றாள் பாபி, அப்பள மாவைப் பிசைந்துகொண்டே. “மாடியில வந்து நின்னுக்கோங்கன்னு இடம் கொடுத்தேன். இப்ப மடத்தையே புடுங்க வந்திருக்கீங்க.”

“அங்க அவனுக்குப் பெரிய அறை. பட்டுத் திரை. வெள்ளி ஊஞ்சல்.”

“ஊஞ்சலு. பெத்தவங்க இருக்கையிலேயே பிள்ளையை யாராவது சத்திரத்துல விடுவாங்களா? போங்க சேட், மாவு காயுது.”

எழுந்து வந்துவிட்டோம். லாலாவை வளர்க்கிறவள் மனமொத்துக் கொடுக்காமல் யாரும் தூக்கக் கூடாது, அது எங்கள் சட்டம். முகியாஜி வெறும் திரைக்கு முன்னால் ஒரு மாதம் உட்கார்ந்திருந்தார். கோகுலாஷ்டமிக்குள் லாலா வராவிட்டால் அடுத்த கப்பலில் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். கடையில் அரபிகள்கூட, எங்கள் வியாபாரிகளை அவர்கள் கூப்பிடுகிற பெயரில், “என்ன பனியான், வீடு கட்டிவிட்டு ஆள் கிடைக்கவில்லையா?” என்று சிரித்தார்களாம்.

கோகுலாஷ்டமிக்கு ஆறு நாள் இருக்கும்போது பாபி ஒரு கடுதாசியோடு வந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. பெண்களுக்கு வரும் கடுதாசிகளை நான்தான் படித்துச் சொல்வேன். கடுதாசியின் மூலை கிழிந்திருந்தது. அப்படி வந்தால் சாவுச் செய்தி. அதை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் வாசலிலேயே நின்று படித்து, உடனே கிழித்துப்போட்டுவிட வேண்டும்.

படித்தேன். பாபியின் புருஷனுக்கு அண்ணன் மாண்டவியில் இறந்துவிட்டார். சித்திரை மாதம் வளர்பிறைப் பஞ்சமி. சண்டைக் காலத் தபால் க்வாதர் போய், பந்தர் அப்பாஸ் போய், எங்கெங்கோ அலைந்து ஆவணியில் எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறது. நாலு மாதத்துக்கு மேல்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். செய்தி மூன்று மாதத்துக்குள் வந்தால், கேட்ட நாளிலிருந்து பதிமூன்று நாள் தீட்டு. மூன்று மாதம் தாண்டிவிட்டால் தலைக்கு ஒரு குளியல், அவ்வளவுதான். தீட்டுக்காரி லாலாவைத் தொடக் கூடாது, அவன் இருக்கும் அறைக்குப் போகவும் கூடாது. அவனை வேறு கையில் ஒப்படைக்க வேண்டும்.

“பெரியவர் போயிட்டார் பாபி” என்றேன்.

அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். “ஐயோ. நல்ல மனுஷன்டி. வருஷா வருஷம் லாலாவுக்குச் சட்டைத் துணி அனுப்புவார்.” அழுதாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “என்னைக்காம்?” என்றாள்.

யோசித்துச் சொன்னேன் என்று சொன்னால் பொய். யோசிக்காமல் சொன்னேன் என்றால் அதைவிடப் பெரிய பொய். “ஆடி மாசம் பாபி. தேய்பிறை ஏகாதசி” என்றேன். சொல்லும்போதே கை கடுதாசியைக் கிழித்துக்கொண்டிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்பார்கள். அன்றைக்கு எனக்கு அது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

“அப்ப பதிமூணு நாள்” என்றாள். “அடியே, நடுவுல அவன் பொறந்த நாள் வருதே.”

“கோவில்ல இருக்கட்டும் பாபி. முகியாஜி சும்மாதானே உக்காந்திருக்கார். என் வீட்டுல வெச்சா மடியா சமைக்க எனக்கு வராது. பொறந்த நாளும் அதுவுமா பிள்ளை பட்டினி கிடக்கணுமா?”

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளை வளைத்தது. தலையை ஆட்டினாள்.

நான் குளித்து ஈரப்புடவையோடு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் கீழே, படிக்கட்டுக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றாள். மேலே வரக் கூடாதே. அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

“கஸ்தூரு, கதவைத் தள்ளிடாதே. முதல்ல கை தட்டு. மெதுவா, மூணு தரம். மத்தியானத் தூக்கத்துல இருக்கான். தட்டாம திறந்தா திடுக்குன்னு முழிச்சுக்குவான், அப்புறம் நாளெல்லாம் முகத்தைத் தூக்கி வெச்சுக்குவான்.”

தட்டினேன். திறந்தேன்.

“பாலு வெதுவெதுப்பா இருக்கணும். இடது கால்ல ஒரு சின்ன விரிசல் இருக்கு, சதங்கை இறுக்கமா கட்டாதீங்க. பேரீச்சம்பழம் டப்பாவுல இருக்கு, எடுத்துக்கோ. கை தட்டறதை முகியாஜிகிட்ட மறக்காம சொல்லுடி.”

“சொல்றேன் பாபி.”

“பதிமூணே நாள். பதினாலாம் நாள் காலையில நானே வந்து தூக்கிக்கறேன்.”

“சரி பாபி.”

லாலாவைக் கூடையில் வைத்து இறங்கி வந்தேன். தன் நிழல் அவன்மேல் படக் கூடாதென்று அவள் இன்னும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஒரு தரம் எட்டிப் பார்க்கக்கூட இல்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, “சமத்தா இருடா” என்று மட்டும் சொன்னாள்.

கோகுலாஷ்டமி அன்று கோவிலில் வைத்த அடி எடுக்க முடியாத கூட்டம். நான் முதல் வரிசையில் நின்றேன். திரை விலகியதும் முதல் தடவையாக அவன் முகத்தை முழுசாகப் பார்த்தேன். என் இரண்டு குழந்தைகளையும் நினைத்து அழுதேன். யாரும் தள்ளவில்லை. அந்தச் சந்தோஷம் பொய்யில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். மோங்கி பாபி கோவில் சந்தின் முனையில், தீட்டுக்காரி நிற்கலாம் என்கிற தூரத்தில் நின்று உள்ளேயிருந்து வரும் ஆரவாரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று பிறகு சொன்னார்கள்.

பதினாலாம் நாள் காலை தலைக்குக் குளித்து, கூடைக்குள் அவன் மெத்தையை விரித்துக்கொண்டு பாபி வந்தாள். கூடத்தில் என் வீட்டுக்காரரும் பெரியவர்களும் இருந்தார்கள். முகியாஜி கெட்டவர் இல்லை, குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார்.

“அம்மா, ஊரே கூடி எட்டு வேளை ராஜ உபசாரம் பண்ணியாச்சு. அதைக் கண்ட மூர்த்தியைத் திரும்ப ஒரு வீட்டு அறைக்கு இறக்கக் கூடாது. அபசாரம். குருவும் கடுதாசியில இவன்தான் இங்க இருக்கணும்னு எழுதியிருக்கார்.”

“இறக்கறதா? அவன் வீட்டுக்கு வரான்” என்றாள் பாபி.

“நீங்க தெனமும் வந்து முன்வரிசையில நில்லுங்க பாபி” என்றார் என் வீட்டுக்காரர். “உங்களுக்குன்னு ஒரு இடம் எப்பவும் இருக்கும்.”

“என் பிள்ளையைப் பாக்க எனக்கு வரிசையா சேட்? சரி, நீங்கதான் என் மடியில போடுங்களேன். வீட்டுக்குக்கூட வேணாம். இங்கயே உக்காந்து குளிப்பாட்டிட்டுப் போறேன்.”

முகியாஜி தலையை ஆட்டினார். கோவிலில் அவர் ஒருவர்தான் தொடலாம். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“நீ சொல்லுடி. பதிமூணு நாள்னுதானே வாங்கிட்டுப் போனே?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூடையைப் பார்த்தேன். மெத்தையில் ஒரு புது ஒட்டுத் துணி தைத்திருந்தாள். “எனக்கென்ன தெரியும் பாபி, பெரியவங்க பேசிக்கட்டும்” என்றேன்.

அவள் கத்தவில்லை, சாபம் விடவில்லை. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு அவள் என் முகத்தில் காறித் துப்பியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு தினமும் வந்தாள். முன்வரிசையில் நிற்க மாட்டாள். தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, திரை மூடியதும் எல்லோரோடும் வெளியே போவாள். கோடைக்கு மல் சட்டை, குளிருக்குப் பஞ்சுச் சட்டை என்று தைத்துக் கொண்டுவருவாள். கோவிலுக்குள்ளே மடியாகத் தைத்ததுதான் ஆகும் என்று முகியாஜி திருப்பிக் கொடுப்பார். பேரீச்சம்பழமும் நின்றுபோனது. அது குருபீடத்து முறையில் இல்லையாம். நான் என்ன செய்தேன்? எப்போதும்போல அவளுக்கு வரும் கடுதாசிகளைப் படித்துச் சொன்னேன். அவளும் எப்போதும்போல வந்தாள். ஒவ்வொரு ஆடித் தேய்பிறை ஏகாதசிக்கும் மைத்துனருக்காகச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் விரதம் இருந்தாள். நான் கையில் கிடைத்த தேதியைச் சொன்னேன். அவள் எட்டு வருஷம் அந்தத் தேதிக்குப் பட்டினி கிடந்தாள்.

எட்டாம் வருஷம் அந்த நாளில் செத்துப்போனவரின் மகன் வல்லப் ஆப்பிரிக்கா போகிற வழியில் கப்பலிலிருந்து இறங்கிச் சித்தியைப் பார்க்க வந்தான். ரொட்டி சுட நான் கூடமாட ஒத்தாசைக்குப் போயிருந்தேன்.

“நீங்க சாப்பிடலையா காகி?” என்றான். சித்தியை நாங்கள் காகி என்போம்.

“இன்னைக்கு உங்கப்பா திதி இல்லையாடா? நீயே மறந்துட்டியா?”

“அப்பா போனது சித்திரைப் பஞ்சமி காகி. நான்தானே கொள்ளி வெச்சேன். கடுதாசியும் நான்தான் எழுதினேன்.”

கல்லில் கிடந்த ரொட்டி கருகியது. நான் அதைத் திருப்பவில்லை. பாபி என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு, “இன்னொரு ரொட்டி போட்டுக்கோடா, கப்பல்ல என்னத்தைக் கொடுப்பான்” என்று அவனுக்கு நெய்யை ஊற்றினாள்.

அவன் போனதும் கேட்டாள். “கடுதாசி வந்தப்ப எத்தனை மாசம் ஆயிருந்தது?”

“நாலுக்கு மேல.”

“அப்ப தலைக்குக் குளிச்சிருந்தா போதும்.”

“ஆமாம் பாபி.”

“அவன் பொறந்த நாள் அன்னைக்கு நான் சந்து முனையில நின்னேன்டி” என்றாள். “தீட்டே இல்லாம நின்னிருக்கேன்.”

நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். “இப்பவே போய்ச் சொல்றேன் பாபி. எல்லார் முன்னாடியும் சொல்றேன். நீங்க மனசொத்துக் கொடுக்கலை, ஏமாத்தித்தான் வாங்கினேன்னு சொன்னா திருப்பிக் கொடுத்துதான் ஆகணும்.”

“சொல்லி? பெட்டி தூக்கறவன்லேர்ந்து அவன் முகத்தைப் பாத்துட்டுத்தான் வேலைக்குப் போறான். ஊருல பிள்ளையை விட்டுட்டு வந்தவன்லாம் அங்க நின்னு அழறான், நான் பாக்கறேனே. அவங்ககிட்டேர்ந்து புடுங்கிட்டு வந்து நான் எப்படிக் குளிப்பாட்டுவேன்?” என் கையை விலக்கினாள். “எட்டு வருஷம். அவனுக்கும் என் கை மறந்துபோயிருக்கும். கோவில் அவனை எடுத்துக்கிட்டதுகூட எனக்குப் பெரிசில்லைடி. நீ என்னைக் கேட்டிருக்கலாம். ‘எனக்கு அந்த முகத்தைப் பாக்கணும் பாபி, படியில நின்னா தெரியலை’ன்னு ஒரு வார்த்தை.”

“கேட்டிருந்தா கொடுத்திருப்பீங்களா?”

“மாட்டேன்” என்றாள். “ஆனா உன்னை மேல கூப்பிட்டு உக்காத்தி வெச்சிருப்பேன்.”

நான் எழுந்திருக்கும்போது இன்னொன்று கேட்டாள். “இதையாவது நிஜமா சொல்லு. முகியாஜி கை தட்டறாரா?”

நான் அன்றைக்கே சொல்லியிருந்தேன். மணி அடிக்கிறதே, அது போதாதா என்று அவர் சிரித்தார். எட்டு வருஷமாக அவள் கேட்கும்போதெல்லாம் தட்டுகிறார் என்றே சொல்லிவந்தேன்.

“இல்லை பாபி.”

மறுநாள் விடியற்காலையிலிருந்து அவள் கோவிலின் பின்சுவருக்குப் போக ஆரம்பித்தாள். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவன் கட்டில். முகியாஜி கதவைத் திறக்கும் முன் அங்கே நின்று மெதுவாக மூன்று தரம் கை தட்டுவாள். பிறகுதான் உள்ளே மணி அடிக்கும். ஆறு வருஷம் ஒரு நாள் தவறவில்லை. ஜுரத்தோடும் போனாள். தண்ணீர் கொண்டுவரும் கழுதைக்காரர்கள் கிறுக்கி என்று சொல்லிச் சிரித்தார்கள். அவளோடு அவர்கள் கேலிக்குக் கை தட்டினால், “சத்தமா தட்டாதீங்கடா” என்பாள்.

போன மாசி மாதத்தில் ஒரு நாள் அவள் போகவில்லை. நான் போய்ப் பார்த்தபோது பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள், உடம்பு குளிர்ந்துவிட்டது. பக்கத்தில் ஒரு பஞ்சுச் சட்டை, கழுத்து மட்டும் தைக்காமல் இருந்தது.

கொள்ளி வைக்க மஸ்கட்டில் உறவு யாரும் இல்லை. என் வீட்டுக்காரர்தான் வைத்தார். முறையாகச் செய்தார், குறை சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, சாயங்காலத் தரிசனத்துக்குக் கிளம்பு என்றார்.

“நான் வரலை. எனக்குப் பதிமூணு நாள் தீட்டு” என்றேன்.

“அவ உனக்கு என்ன முறை? நம்ம பங்காளிகூட இல்லையே.”

“அவ பிள்ளை தீட்டுக் காக்கணும். அவனால முடியாது. அவனுக்குப் பதிலா நான் காக்கறேன்.”

“என்ன உளர்றே? அவளுக்கு ஏது பிள்ளை?”

“உள்ள வெச்சு வாசல்ல பேரைப் போட்டுக்கிட்டிருக்கீங்களே, அவன்தான்.”

அவர் கிளம்பிப் போனார். பதிமூன்று நாளும் நான் சந்து முனையைத் தாண்டவில்லை. அங்கே நின்றால் ஆரவாரம் கேட்கும், முகம் தெரியாது.

பதினாலாம் நாள் விடியுமுன் தலைக்குக் குளித்துப் பின்சுவருக்குப் போனேன். அவள் நின்று நின்று அந்த இடத்தில் மண் அமுங்கிக் கிடந்தது. உள்ளே முகியாஜி சாவிக்கொத்தை எடுக்கும் சத்தம் கேட்டது. நான் இரண்டு கையையும் தூக்கினேன். அந்தக் கடுதாசியைக் கிழித்ததும், தூங்கியவனைக் கூடையில் எடுத்துவந்ததும் இந்தக் கைதான். இது தட்டி அவன் விழிக்க வேண்டாம் என்று தோன்றியது. கையை இறக்கிவிட்டேன்.

மணி அடித்தது. திடுக்கிட்டுத்தான் எழுந்திருப்பான்.